ஒரே மங்கல், பல காரணங்கள்: தொலைநோக்கியின் ஆடிகளைக் கணினி நேராக்குவது எப்படி?

2022 பிப்ரவரி 11 அன்று நாசா ஒரு படத்தை வெளியிட்டது. கறுப்புப் பின்னணியில் ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடந்த 18 வெளிச்சப் புள்ளிகள். சுமார் ஆயிரம் கோடி டாலர் செலவில் கட்டி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்திய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படம் இது என்று சொன்னால், விஷயம் தெரியாதவர்கள் பரிதாபப்படுவார்கள். குழுவினரோ கொண்டாடினார்கள். அந்த 18 புள்ளிகளும் ஒரே நட்சத்திரம்தான்: பெருங்கரடி விண்மீன் குழுவில் இருக்கும் எச்.டி. 84406. வெப்பின் முதன்மை ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் தன்பாட்டுக்கு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நட்சத்திரத்தைப் பதித்திருந்தது.

சரியாக ஒரு மாதத்தில், மார்ச் 11 வாக்கில், 18 துண்டுகளும் ஒரே ஆடியாக வேலைசெய்யத் தொடங்கின. எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துச் சீரமைப்பு முடிந்துவிட்டதாக ஏப்ரல் 28 அன்று அறிவித்தார்கள். இடையில் ஸ்க்ரூடிரைவரோடு யாரும் போகவில்லை, போகவும் வழியில்லை. படத்தைப் பார்ப்பது, எந்த ஆடி எவ்வளவு கோணியிருக்கிறது என்று கணக்குப் போடுவது, மோட்டாருக்குக் கட்டளை அனுப்புவது, மறுபடி படம் எடுப்பது. இதுதான் திரும்பத் திரும்ப நடந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மோட்டார்களின் நுணுக்கத்தில் மயங்கிப்போகிறார்கள். மயங்க வேண்டியதுதான்: ஒரு மோட்டாரின் மிகச் சிறிய அடி 10 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் பங்காக வெட்டினால் ஒரு பங்கு அது. ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு படம் மங்கலாக இருந்தால், அந்த மங்கலுக்குக் காரணம் ஒன்றல்ல, பல இருக்கலாம். அவை எல்லாம் படத்தில் ஒரே மாதிரி தெரியலாம். எந்தக் காரணம் என்று பிரித்தறியாமல் மோட்டாரைத் திருப்பினால், ஒரு தவறை இன்னொரு தவறால் மூடி மறைக்கிறோம். கணினிவழிச் சீரமைப்பின் வரலாறு முழுக்க இந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுக்கும் வரலாறுதான்.

கையால் ஏன் முடியாது?

சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் ஆடியைக் கையால்தான் சரிசெய்கிறார்கள். ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடிக்குப் பின்னால் இருக்கும் மூன்று திருகுகளைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். கண் டாக்டர் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிப் போட்டு “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பாரே, அதே முறை. தெளிவு கூடும் பக்கமாகப் போய்க்கொண்டே இருப்பது.

இது மூன்று திருகுகளுக்குச் சரி. வெப்பில் திருப்பவேண்டியவை 132. ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு மோட்டார்கள். அவற்றைக் கொண்டு துண்டை முன்பின்னாக, மேல்கீழாக, பக்கவாட்டில் நகர்த்தலாம், எந்தப் பக்கமும் சாய்க்கலாம், சுழற்றலாம். ஏழாவது மோட்டார் துண்டின் வளைவையே கூட்டிக் குறைக்கிறது. 18 துண்டுகளுக்கு 126. எதிரே இருக்கும் இரண்டாம் ஆடிக்கு இன்னும் ஆறு. ஒன்றைத் திருப்பினால் மற்றதன் சரியான இடமும் மாறிவிடும். தெளிவு கூடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், சுற்றிலும் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மோசமாகிற ஓர் இடத்தில் போய் மாட்டிக்கொள்வோம். இதைவிட நல்ல நிலை வேறெங்கோ இருக்கும். அங்கே போக, முதலில் பலவற்றை ஒரே நேரத்தில் கெடுத்தாக வேண்டும். அந்தத் துணிச்சல் கண்ணால் பார்த்துத் திருப்புகிறவருக்கு வராது.

அதனால் வழியைத் தலைகீழாக்கினார்கள். திருகிப் பார்ப்பதை விட்டுவிட்டு, படத்தை அளந்து அதிலிருந்து பிழையைப் பின்னோக்கிக் கணக்கிடுவது.

நட்சத்திரத்திலிருந்து வரும் ஒளி தட்டையான அலைகளாக வந்து சேர்கிறது. ஆடிகள் பிசகில்லாமல் இருந்தால் அந்த அலை கச்சிதமான கோளத்தின் பகுதியாக வளைந்து ஒரு புள்ளியில் குவியும். ஏதாவது கோணியிருந்தால் அலையின் முகப்பில் மேடு பள்ளங்கள் வரும். அந்த மேடு பள்ளங்களை வகைப்படுத்த, டச்சு இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஸெர்னிகே 1934-இல் கணிதச் சார்புகளின் ஒரு கோவையைக் கொடுத்தார். ஒன்று குவியம் முன்பின் விலகியதைக் குறிக்கும். இன்னொன்று ‘அஸ்டிக்மாட்டிசம்’, கண் மருத்துவச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று எழுதுவது இதைத்தான். மற்றொன்று ‘கோமா’: புள்ளியாக இருக்கவேண்டிய நட்சத்திரம் வால்நட்சத்திரம்போல் ஒரு பக்கம் வால் விடும். இப்படி எந்த மங்கலையும் சில எண்களாக எழுதிவிடலாம்.

அடுத்தது ஒரு பெரிய அட்டவணை. தொலைநோக்கியின் வடிவமைப்பு கணினியில் இருக்கிறது. அதில் ஒரு துண்டை ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்த்திப் பார்த்து, அந்த எண்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு மாறுகின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அடுத்த அசைவு, அதற்கடுத்தது. எல்லாம் முடிந்தால் ‘இந்த அசைவு இந்த மங்கலைத் தரும்’ என்ற அட்டவணை, கணிதத்தில் சொன்னால் ஓர் அணி, கையில் இருக்கும். நமக்கு வேண்டியது அதன் மறுதலை: இந்த மங்கல் தெரிகிறது, எந்த அசைவு காரணம்? பள்ளியில் படித்த ஒருங்கமை சமன்பாடுகள்தான், எண்ணிக்கை மட்டும் அதிகம்.

இதோடு கதை முடிந்தது என்றே பலரும் நினைப்பார்கள். இங்கேதான் அது தொடங்குகிறது.

மறுதலை எடுக்க முடியாத அட்டவணை

இரண்டு ஆடிகள் கொண்ட ஒரு சாதாரணத் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆடி பக்கவாட்டில் கொஞ்சம் விலகினால் கோமா வரும். விலகாமல் இருந்த இடத்திலேயே சாய்ந்தாலும் கோமா வரும். படத்தின் நடுவில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இன்னும் மோசம்: விலகலையும் சாய்வையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்தால் ஒன்றின் கோமாவை மற்றது அழித்துவிடும். ஆடி தவறான இடத்தில், தவறான கோணத்தில் இருக்கும். நடுவில் இருக்கும் நட்சத்திரமோ குண்டூசித் தலைபோல் கூராக இருக்கும். பார்ப்பவர் எல்லாம் சரி என்று எழுந்து போய்விடுவார். படத்தின் ஓரங்களுக்குப் போனால்தான் குட்டு உடையும். அங்கே அஸ்டிக்மாட்டிசம், நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக ஒரு பக்கம் ஒரு மாதிரியும் எதிர்ப்பக்கம் வேறு மாதிரியும் வளர்ந்திருக்கும்.

கணிதத்தில் இதன் பொருள், அட்டவணையின் இரண்டு நிரல்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன என்பது. அப்படிப்பட்ட அட்டவணையின் மறுதலையை எடுத்தால் அபத்தமான விடைகள் வரும். அளவீட்டில் துளி இரைச்சல் இருந்தாலும் போதும், “இதை ஒரு மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளு, அதை ஒரு மில்லிமீட்டருக்கு ஈடாக எதிர்ப்பக்கம் சாய்” என்று கணினி கட்டளை போடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், படத்தில் எதுவும் மாறாது, மோட்டார்கள் மட்டும் ஓடித் தேயும்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது கணக்கிலேயே அடக்கம் காட்டுவது. எந்தெந்த அசைவுச் சேர்க்கைகள் படத்தில் நன்றாகத் தெரியும், எவை தெரியவே தெரியாது என்று அணியைப் பிரித்துப் பார்த்து, தெரியாதவற்றைத் தொடாமல் விட்டுவிடுவது. இரண்டாவது, இன்னொரு இடத்திலிருந்து, இன்னொரு நிறத்தில், இன்னொரு குவியத்தில் அளவு எடுப்பது. முதலாவது சேதத்தைத் தடுக்கும், அவ்வளவே. குழப்பத்தை உண்மையிலேயே தீர்ப்பது இரண்டாவதுதான். எந்த அளவீட்டைச் சேர்த்தால் இரட்டைக் காரணங்கள் பிரியும் என்று கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் திறமை இருக்கிறது.

ஹபிள் கொடுத்த பாடம்

வெப்புக்குப் பயன்பட்ட கணக்குமுறையில் முக்கியமானது ஒன்று, ஓர் அவமானத்தின் வழியாகப் பெயர் வாங்கியது. 1990 ஏப்ரல் 24 அன்று ஹபிள் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. சில வாரங்களில் படங்கள் எல்லாம் மங்கல் என்று தெரிந்தது. முதலில் சீரமைப்புக் கோளாறாக இருக்கும் என்று இரண்டாம் ஆடியை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. பிழை 2.4 மீட்டர் முதன்மை ஆடியின் வடிவத்திலேயே இருந்தது. விளிம்பு இருக்கவேண்டியதைவிடச் சுமார் 2 மைக்ரான் அதிகத் தட்டை.

அது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆடியை மெருகேற்றிய பெர்கின்-எல்மர் நிறுவனத்தில், ஆடியின் வடிவத்தைச் சோதிக்க ‘நல் கரெக்டர்’ (null corrector) என்று ஒரு சோதனைக் கருவி இருந்தது. அதற்குள் ஒரு வில்லையை மிகத் துல்லியமான தூரத்தில் பொருத்த வேண்டும். தூரத்தை அளக்க ஒரு தண்டு; தண்டின் நுனியில் ஒளி பட்டுத் திரும்ப வேண்டும். நுனிக்கு மேல் துளையிட்ட ஒரு மூடி. மூடியில் ஒளி பிரதிபலிக்காமல் இருக்கப் பூசியிருந்த பூச்சு ஓரிடத்தில் உரிந்துபோயிருந்தது. ஒளி தண்டின் நுனியில் படாமல் மூடியில் பட்டுத் திரும்பியது. விளைவு, வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அளவு சரியாக வரவில்லை என்பதால் இடையில் தகடுகளைச் செருகிப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் தவறான கருவியை நம்பி, தவறான வடிவத்தை அபாரமான துல்லியத்தில் மெருகேற்றினார்கள். வேறு இரண்டு சோதனைகள் ‘ஏதோ சரியில்லை’ என்று காட்டியும், அவை துல்லியம் குறைந்த கருவிகள் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1990 நவம்பரில் வந்த விசாரணை அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

சரி, ஆடி விண்வெளியில் இருக்கிறது. அதன் வடிவத்தை இப்போது யார் போய் அளப்பது? படத்திலிருந்தே அளக்க வேண்டியதுதான். கேமரா ஒளியின் பிரகாசத்தை மட்டும் பதிகிறது; அலையின் ஏற்ற இறக்கம் பதிவாவதில்லை. மேடு பள்ளம் பற்றிய தகவல் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது அடியோடு அழிந்துபோவதில்லை. மங்கலின் வடிவத்துக்குள் ஒளிந்திருக்கிறது. 1972-இல் கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் இருவரும் அதை மீட்க ஒரு வழி சொல்லியிருந்தார்கள். அலைமுகப்பை ஒரு மாதிரி ஊகித்துக்கொள். அது என்ன படத்தைத் தரும் என்று கணக்கிடு. உண்மைப் படத்தின் பிரகாசத்தை அதில் போட்டுத் திருத்து. திருத்தியதைக் கொண்டு பின்னோக்கி வா. ஆடியின் உருவத்துக்குப் பொருந்தாததை வெட்டு. மறுபடி முன்னோக்கிப் போ. இப்படி முன்னும் பின்னும் போய்வர, ஊகம் உண்மையை நெருங்கும். ஜேம்ஸ் ஃபீனப் போன்றவர்கள் பின்னர் இதை வலுப்படுத்தினார்கள்.

ஹபிள் பிழையின் அளவைப் பல குழுக்கள் இந்த வழியில் தனித்தனியாகக் கணக்கிட்டன. தொழிற்சாலையில் அப்படியே பத்திரமாக இருந்த சோதனைக் கருவியை அளந்து வந்த விடையும் அதோடு ஒத்துப்போனது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் கொண்டுபோய்ப் பொருத்திய திருத்தக் கருவிகளின் ஆடிகள், அந்த எண்ணுக்கு நேர் எதிரான பிழையோடு செய்யப்பட்டவை. புதிய கேமராவுக்குள் சாய்த்துச் சரிசெய்யக்கூடிய சிறு ஆடிகளையும் வைத்திருந்தார்கள். ஏனென்றால் எதிர்ப்பிழை சரியான இடத்தில் உட்காராமல் கொஞ்சம் விலகினாலும் புதிதாகக் கோமா முளைத்துவிடும். மருந்தையும் சீரமைக்க வேண்டியிருந்தது.

18 புள்ளிகள் ஒன்றான கதை

வெப்பைக் கட்டியவர்கள், படத்திலிருந்தே பிழையைக் கணக்கிடும் இந்த முறையை எதிர்பாராத விபத்துக்கு மருந்தாக வைத்துக்கொள்ளவில்லை. அன்றாட நடைமுறையாகவே திட்டமிட்டார்கள். பால் ஏரோஸ்பேஸ் நிறுவனம் ஆறில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரித் தொலைநோக்கியைச் செய்து, அதில் கணக்குமுறைகளை ஓட்டிப் பார்த்தது. சீரமைப்பின் ஒரு கட்டத்தை ஹவாயில் இருக்கும் கெக் தொலைநோக்கியிலேயே சோதித்தார்கள். 2017-இல் ஹூஸ்டனில் இருக்கும் ராட்சத வெற்றிட அறையில், கடுங்குளிரில், ஆடிகளை நகர்த்திப் பார்த்தார்கள். நடுவில் ஹார்வி சூறாவளி அடித்து ஊரே வெள்ளத்தில் மிதந்தபோதும் சோதனை நிற்கவில்லை.

விண்வெளியில் முதல் வேலை, ஏவும்போது அதிராமல் பூட்டி வைத்திருந்த துண்டுகளை 12.5 மில்லிமீட்டர் வெளியே நகர்த்துவது. ஒரு சமயத்தில் ஒரு மோட்டார்தான் ஓடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். புல் வளர்வதைவிட மெதுவாக இருந்திருக்கும்.

பிறகு நட்சத்திரத்தைத் தேடினார்கள். துண்டுகள் எவ்வளவு கோணியிருக்கின்றன என்பது தெரியாததால், முழுநிலவு அளவுக்கு வானத்தைத் துழாவத் திட்டம். தொலைநோக்கியை 156 இடங்களுக்குத் திருப்பி, சுமார் 25 மணி நேரத்தில் 1,560 படங்கள் எடுத்தார்கள். ஆனால் 18 புள்ளிகளும் முதல் ஆறு மணி நேரத்துக்குள், 16 படப்பிடிப்புகளிலேயே, நடுப்பகுதியில் அகப்பட்டுவிட்டன. துண்டுகளைப் பொருத்தியவர்கள் அவ்வளவு கச்சிதமாகப் பொருத்தியிருந்தார்கள் என்று அர்த்தம்.

இப்போது முதல் குழப்பம்: எந்தப் புள்ளி எந்தத் துண்டுடையது? படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. தீர்வு வெகு எளிது. ஒரு துண்டை லேசாகச் சாய். எந்தப் புள்ளி நகர்கிறதோ அது அந்தத் துண்டின் பிள்ளை. ஒவ்வொன்றாக 18-க்கும் பெயர் சூட்டினார்கள். பிறகு ஆடியில் துண்டுகள் இருக்கும் அதே அறுகோண வரிசையில் புள்ளிகளை அடுக்கினார்கள். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. அப்படி இருந்தால் எந்தப் புள்ளி கோணலாக இருந்தாலும் எந்தத் துண்டு என்று உடனே தெரியும்.

அடுத்து ஒவ்வொரு துண்டின் தனிப் பிழை. இரண்டாம் ஆடியைக் கொஞ்சம் நகர்த்தி, வேண்டுமென்றே குவியத்தைக் கெடுத்தார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். தெளிவாக்கத்தானே இவ்வளவு பாடு, ஏன் கெடுக்க வேண்டும்? கூர்மையான ஒரு புள்ளியில் தகவல் குறைவு. அகன்று விரிந்த மங்கலில் ஆடியின் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று படிக்க இடம் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு: சரியான குவியத்தில் எடுத்த ஒரே படத்தை வைத்து, சில வகைப் பிழைகளில் அது மேடா பள்ளமா என்று சொல்லவே முடியாது, இரண்டும் ஒரே படத்தைத் தரும். தெரிந்த அளவு குவியத்தைக் கலைத்து எடுத்தால் மேடு ஒரு மாதிரியும் பள்ளம் ஒரு மாதிரியும் தெரியும்.

பிறகு 18 புள்ளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள், ஒரு தடவைக்கு ஆறு துண்டுகளாக. பிப்ரவரி 25 அன்று ஒரே புள்ளி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையில் அது இன்னும் ஒரே தொலைநோக்கி ஆகவில்லை. 18 சிறிய தொலைநோக்கிகள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். வெளிச்சம் கூடியிருந்தது; கூர்மை ஒரு துண்டின் கூர்மை மட்டுமே. 6.5 மீட்டர் ஆடியின் கூர்மை வேண்டுமானால் எல்லாத் துண்டுகளும் முன்பின் இல்லாமல் ஒரே வளைபரப்பில் உட்கார வேண்டும், அதுவும் ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்குக்குள்.

இந்தத் தொழிலின் மிக அழகான குழப்பம் இங்கேதான் வருகிறது. ஒரு துண்டு பக்கத்துத் துண்டைவிடச் சரியாக அரை அலைநீளம் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளி போய்த் திரும்பும்போது முழு ஓர் அலைநீளம் தாமதமாகும். அலை மறுபடி அதே ஏற்ற இறக்கத்தில் வந்து பொருந்திவிடும். அந்த நிறத்தில் எடுத்த படத்தில் இரண்டு துண்டுகளுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு, அதாவது படி, தெரியவே தெரியாது. 2 மைக்ரான் அலைநீளத்தில் பார்த்தால் ஒரு மைக்ரான் படிக்கும் படியே இல்லாததற்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டு மைக்ரான் படிக்கும் அதே கதிதான். ஒரே நிறத்தில் எத்தனை படம் எடுத்தாலும் இது தீராது.

ஆனால் வேறொரு நிறத்துக்கு அந்த ஒரு மைக்ரான் முழு அலைநீளம் ஆகாது. எனவே பல நிறங்களை ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். வெப்பின் நிர்கேம் கேமராவில் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் பாகங்களை இதற்கென்றே வைத்திருந்தார்கள். இரண்டு துண்டுகளின் ஒளியைச் சேர்த்து நிறமாலையாக விரித்தால், அதன் மேல் வரிகள் விழும். இரண்டும் சமதளத்தில் இருந்தால் வரி நேராக ஓடும். படி இருந்தால் சாய்வாக, படி கூடக் கூட நெருக்கமாக விழும். சாய்வை அளந்தால் படி எவ்வளவு என்று கிடைத்துவிடும். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலிருந்து முன்னா பின்னா என்பதும். துண்டுகளை 20 இணைகளாக எடுத்து இப்படி அளந்தார்கள்.

மிச்சம் இருந்த நுண்ணிய பிழைகளுக்கு மறுபடி ஹபிள் காலத்து முறை. இந்தத் தடவை இரண்டாம் ஆடியை நகர்த்தாமல், கேமராவுக்குள்ளேயே இருக்கும் சிறப்பு வில்லைகளால் குவியத்தை முன்னும் பின்னும் கலைத்துப் படமெடுத்தார்கள். மார்ச் 16 அன்று வெளியான படத்தில் ஒரு நட்சத்திரம் கூர்முனைக் கதிர்களோடு நின்றது. அதன் பின்னால் யாரும் கேட்காமலே குட்டிக் குட்டி விண்மீன் மண்டலங்கள் தெரிந்தன. அதிகம் பகிரப்பட்டது அந்தப் பின்னணிதான்.

அதற்கு மேலும் ஆறு வாரம் ஏன் ஆயிற்று? முன்னே சொன்ன கோமாக் கதை நினைவிருக்கலாம். இதுவரை எல்லா அளவும் ஒரே கேமராவின் வழியாக, அதாவது தொலைநோக்கியின் பார்வைப் பரப்பில் ஒரு மூலையிலிருந்து எடுத்தவை. இரண்டாம் ஆடி கொஞ்சம் தப்பான இடத்தில் இருந்து, 18 துண்டுகளும் அதை ஈடுகட்டும்படி நகர்ந்திருந்தால், அந்தக் கேமராவில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும். பக்கத்துக் கருவியில் மங்கும். எனவே மற்றக் கருவிகளிலும் அளந்து, இரண்டாம் ஆடியின் உண்மையான இடத்தைப் பிடித்து, மறுபடி எல்லாவற்றையும் திருத்தினார்கள். அகச்சிவப்பில் நீளமான அலைகளைப் பார்க்கும் மிரி கருவி 7 கெல்வினுக்கும் கீழே குளிர்ந்தால்தான் வேலைசெய்யும்; ஏப்ரலில்தான் அது அந்த நிலைக்கு வந்தது.

இப்போதும் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு முறை அலைமுகப்பை அளக்கிறார்கள். தேவைப்பட்டால் மட்டுமே ஆடியைத் தொடுகிறார்கள். சில சமயம் ஒரு துண்டு காரணம் சொல்லாமல் சட்டென்று சாய்ந்துகொள்ளும். குளிர்ந்த கட்டமைப்பில் தேங்கிய இறுக்கம் விடுபடுவதால் என்று விளக்குகிறார்கள். அதையெல்லாம் கணக்குப் பிடித்துத் திருப்பிவிடலாம். 2022 மே மாதம் சி3 என்ற துண்டில் ஒரு நுண்விண்கல் மோதியது. அந்தத் துண்டை நகர்த்தி விளைவில் ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள், முழுதாக முடியவில்லை. ஏழு மோட்டார்களால் ஒரு துண்டைச் சாய்க்கலாம், வளைக்கலாம். ஓரிடத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப முடியாது.

தரையில் வேறு தலைவலி

விண்வெளியில் காற்றில்லை, எடையில்லை. தரையில் இருக்கும் தொலைநோக்கி ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து திரும்பும்போதே அதன் எடை வேறு பக்கம் இறங்குகிறது. ஒரு முறை சீரமைத்துவிட்டு உட்கார முடியாது. சிலியின் லா சியாவில் 1989-இல் வந்த நியூ டெக்னாலஜி டெலஸ்கோப், ரேமண்ட் வில்சனின் யோசனைப்படி, 3.58 மீட்டர் ஆடியை 75 தாங்கிகளால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தது. வெப்பின் துண்டு ஆடி யோசனைக்கு முன்னோடி கெக். ஜெர்ரி நெல்சன் வடிவமைத்த 10 மீட்டர் ஆடி, 36 துண்டுகள், 108 மோட்டார்கள். அடுத்தடுத்த துண்டுகளின் விளிம்புகளுக்கு இடையே 168 உணரிகள். ஒரு துண்டு பக்கத்துத் துண்டைவிடச் சில நானோமீட்டர் உயர்ந்தாலும் அவை சொல்லிவிடும். விநாடிக்கு இரண்டு முறை கணினி எல்லாவற்றையும் வாசித்துத் துண்டுகளைத் திருத்துகிறது.

இங்கேயும் அதே பூதம். விளிம்பு உணரிகள் பக்கத்து வீட்டை மட்டுமே பார்க்கின்றன. எல்லாத் துண்டுகளும் சேர்ந்து உயர்ந்தாலோ சாய்ந்தாலோ அவற்றுக்குத் தெரியாது. அதனால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை வேறொன்று: ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு சேருமிடத்தில் மிக மெல்லியதாக, எல்லா இடத்திலும் ஒரே அளவில் மடிந்தால், விளிம்புகளில் ஏறக்குறைய எந்தப் படியும் வராது. மொத்த ஆடியின் வளைவோ மாறிவிடும், குவியம் ஓடிவிடும். உணரிகள் மிக மங்கலாகப் பார்க்கும் அசைவு இதுதான். அதனால் அவ்வப்போது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து உணரிகளுக்கே பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கெக்கின் வழியில் திட்டமிட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு 492 துண்டுகள், 1,476 மோட்டார்கள். இதன் விளிம்பு உணரிகள், மோட்டார்கள், துண்டுகளைத் தாங்கும் அமைப்புகள் ஆகியவை இந்தியாவின் பங்கு. உணரிகளைச் செய்யும் பொறுப்பு புதுச்சேரியில் இருக்கும் ஒரு ஒளியியல் நிறுவனத்துக்கு வந்தது. தொலைநோக்கி எங்கே, எப்போது எழும் என்பதுதான் வருடக்கணக்காக இழுபறியில் இருக்கிறது.

சிலியில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம் இன்னொரு எல்லை. 8.4 மீட்டர் ஆடி, பார்வைப் பரப்பின் குறுக்களவு 3.5 பாகை, 3.2 ஜிகாபிக்சல் கேமரா. அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் வானத்தைச் சலிக்கிறது. சீரமைப்புக்கென்று நிறுத்திப் படமெடுக்க நேரமில்லை. அதனால் கேமராவின் நான்கு மூலைகளிலும் தனி உணரிகளை வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பாதி குவியத்துக்கு 1.5 மில்லிமீட்டர் முன்னால், மறுபாதி அதே அளவு பின்னால். வானத்தைப் படமெடுக்கும் அதே நேரத்தில் மூலைகளில் விழும் நட்சத்திரங்கள் பெரிய வளையங்களாக விரிந்து பதியும். அவற்றிலிருந்து அலைமுகப்பைக் கணக்கிட்டு, ஆடிகளின் வளைவுகளும் இருப்பிடமும் சேர்ந்த 50 வகை அசைவுகளைத் திருத்த வேண்டும். மூலைக்கு ஒன்றாக நான்கே இடம், 50 தெரியாத எண்கள்.

இந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எழுதுவது இப்போதைய வழக்கம். வளையங்களைப் பார்த்து அலைமுகப்பைச் சொல்ல நரம்பு வலைப்பின்னல்களைப் பழக்குகிறார்கள் என்பது உண்மை. நட்சத்திரங்கள் நெருக்கமாகக் கிடந்து ஒன்றின் வளையம் இன்னொன்றின் மேல் ஏறும்போது அவை பழைய முறைகளைவிட நன்றாகச் சமாளிக்கின்றன. ஆனால் அலைமுகப்பு தெரிந்த பிறகு, அதற்குக் காரணம் எந்த ஆடி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டு காரணங்கள் ஒரே அலைமுகப்பைத் தந்தால் எவ்வளவு பெரிய வலைப்பின்னலும் ஊகம்தான் செய்யும். நான்கு மூலைகளோடு ஐந்தாவதாக ஓர் அளவீடு வேண்டும், அல்லது அந்த அசைவைத் தொடாமல் விட வேண்டும்.

இதே வேலை இப்போது பணம் குவிக்கும் இடம் வானியல் அல்ல, கைப்பேசித் தொழிற்சாலை. கேமராவின் வில்லைத் தொகுதியையும் உணரியையும் அச்சில் வார்த்த பள்ளத்தில் செருகினால், பாகங்களின் சின்னச் சின்ன வேறுபாடுகளால் படத்தின் ஒரு மூலை மங்கிவிடும். அதனால் நல்ல கேமராக்களில் உணரிக்கு மின்சாரம் கொடுத்து, ஒரு சோதனைப் படத்தைக் காட்டி, வில்லையை மெதுவாக முன்பின் நகர்த்துகிறார்கள். நடுவும் நான்கு மூலைகளும் தனித்தனியாக எந்தத் தூரத்தில் கூர்மையின் உச்சத்தைத் தொடுகின்றன என்று மென்பொருள் குறித்துக்கொள்ளும். உச்சங்கள் வெவ்வேறு தூரத்தில் வந்தால் அந்த வித்தியாசமே சாய்வின் அளவு. நடுவை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. இயந்திரக் கை வில்லையைத் திருத்திப் பிடித்துக்கொள்ள, ஏற்கெனவே தடவியிருக்கும் பசை புற ஊதா விளக்கில் உறைகிறது. உறையும்போது பசை சில மைக்ரான் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு வில்லையை வேண்டுமென்றே தள்ளிப் பிடித்துத்தான் விளக்கைப் போடுகிறார்கள்.